வாசித்தால் விளங்கும்

பொதி என்னும் சொல் எம்மவர்க்குப் புதியதன்று. சந்தைக்குப் போகும் வண்டியிலே பொதி. தபாலிலே வந்து சேர்வதும் பொதி. தூரப் பிரயாணம் போகிறவருக்கு வாழையிலையிற் கட்டிக் கொடுக்கும் சோறும் பொதியே. கட்டியவர் ஒருவர், கொண்டு செல்பவர் ஒருவர், அவிழ்ப்பவர் ஒருவர் என மூவர் கைப்படும் பொருள் அது. இக்காலத்துக் கணினிக்கு வேண்டிய மென்பொருள்களும் பொதிகளாகவே கட்டப்பட்டு வருகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் இதனை நன்கறிவர். பொதி ஒழுங்காக அவிழ்ந்து தன்னிடத்தில் அமர்ந்துவிட்டால் அதைப்பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. அஃது அவிழ மறுக்கும்போதுதான் வீட்டிலே கலவரம் உண்டாகின்றது. அந்த மறுப்பைப் பற்றியே இன்று வாசகர்களோடு சிறிது பேச விழைகின்றோம்.

கணினியைப் பாடமாகக் கற்காத பெற்றோர்களும் இப்பக்கத்தைப் படிப்பர் ஆதலின், சில அடிப்படைச் செய்திகளை முதலிற் கூறிவிடுதல் நன்று. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்து, ‘க்னூ’ எனும் திட்டத்தைத் தொடக்கினார். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் என்பவர் ‘லினக்ஸ்’ எனும் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்த பின்னரே முழுமையான இயங்குதளம் ஒன்று பொதுமக்கள் கைக்கு எட்டிற்று. 1993 ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் என்னும் இளைஞர், தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து, ‘டெபியன்’ என்னும் தொகுப்பைத் தொடக்கினார். அந்த டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2004 ஆம் ஆண்டில் வெளிவந்ததே ‘உபுண்டு’. விலை கொடுத்து இயங்குதளம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் பலர் இன்று இவற்றின் துணையோடு கற்கின்றனர்.

இத்தொகுப்புக்களிலே மென்பொருள்கள் எல்லாம் களஞ்சியம் ஒன்றிற் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 12 ஆம் பதிப்பில் மாத்திரம் 64,000க்கும் அதிகமான பொதிகள் இருந்தன. ஒவ்வொரு பொதியிலும் ஒரு சீட்டு உண்டு. பொதியின் பெயர் யாது, எத்தனையாம் பதிப்பு, அஃது இயங்குவதற்கு வேறு எவ்வெப் பொதிகள் வேண்டும் என்பன அதிலே குறிக்கப்பட்டிருக்கும். பொங்கல் பொங்குதற்கு அரிசியும் பயறும் சர்க்கரையும் வேண்டுமாப்போல, ஒரு மென்பொருளுக்கு வேறு பத்துப் பொதிகள் வேண்டியிருக்கலாம். அப்பத்தினுள் ஒன்றுக்கு இன்னும் ஐந்து வேண்டியிருக்கலாம். இதனைச் ‘சார்பு’ என்பர்.

இங்கே வேலைகாரர் இருவர் உளர். பொதியை அவிழ்த்து அதனதன் பொருளை அதனதன் இடத்தில் வைப்பவர் ‘டிபிகேஜி’. எது வேண்டும், எங்கே கிடைக்கும், அதனோடு இன்னும் எவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் பார்த்துக் களஞ்சியத்துக்குப் போய் வருபவர் ‘ஆப்ட்’. இவ்விரண்டாமவர் 1999 ஆம் ஆண்டில், டெபியன் 2.1 பதிப்போடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தார். அதற்கு முன் சார்புகளைத் தேடி அலையும் பாடு பயனாளரையே சேர்ந்தது. இவ்விருவரும் மிகக் கண்டிப்பானவர்கள். கணக்குப் பிசகினால் வேலையை நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்குக் காரணத்தையும் எழுதி வைத்துவிடுவர். அக்காரணத்தை வாசிப்பார்தாம் குறைவு.

2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில், எம்மிடம் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவி ஒருத்தி, தன் மடிக்கணினியைச் சேலைத் துணியிற் சுற்றிக்கொண்டு கல்லூரிக்கு வந்தாள். பழைய கணினி, 2023 ஆம் ஆண்டின் இறுதியிலே அவளுடைய தந்தையார் கடையொன்றிற் கைமாறிய விலைக்கு வாங்கிக் கொடுத்தது. மறு ஆண்டு தந்தையார் காலமாகிவிட்டார். தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்துகின்றார். பைதன் மொழியிலே நிரல் எழுதிப் பழகுதற்கு ‘ஐடில்’ என்னும் சிறு மென்பொருளை நிறுவும்படி நாம் வகுப்பிலே கூறியிருந்தோம். ஏனைய பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலை அவளுக்கு இரண்டு வாரமாகியும் முடியவில்லை.

“சேர், என்ன செய்தாலும் சிவப்புச் சிவப்பா எழுத்து வருது. கடையிலை காட்டினன். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடவேணுமாம். நான் இந்தப் பாடத்தை விடப்போறன் சேர்” என்றாள்.

அழிப்பதற்கு ஏன் தயங்குகிறாள் என்று வினவினோம். தந்தையாரின் படங்களும், வைத்தியசாலையிலிருந்து அவர் பேசி அனுப்பிய குரற்பதிவுகள் சிலவும் அக்கணினியிலேயே இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. கடைக்காரர் அதைப்பற்றிக் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை.

ஆகவே, நிறுவற் பிரச்சினையைத் தொடுவதற்கு முன் நாம் செய்த முதல் வேலை, அவ்வளவையும் ‘பென் டிரைவ்’ ஒன்றிலும், கல்லூரிக் கணினி ஒன்றிலும் பிரதி செய்து, இரண்டிலும் திறந்து பார்த்து உறுதி செய்ததேயாகும். அதன் பின்னரே அவளைப் பார்த்து, “பிள்ளை, அந்தச் சிவப்பு எழுத்திலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீரோ?” என்று கேட்டோம்.

“இங்கிலீசு, சேர்” என்றாள்.

இந்த ஒரு சொல்லிலே எம் பிள்ளைகளின் துன்பத்திற் பாதி அடங்கியிருக்கின்றது. பரீட்சைக்கு ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளை, கணினித் திரையில் ஆங்கிலத்தைக் கண்டதும் அஃது ஏதோ இயந்திரத்தின் முனகல் என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொள்கின்றது. உண்மையிலோ அது மனிதரால் மனிதருக்கு எழுதப்பட்ட வாக்கியம். இந்நிலை நேரும், அவ்வேளையில் ஒருவர் திகைத்து நிற்பார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த எவரோ ஒருவர், அத்திகைப்பைத் தீர்ப்பதற்காக எழுதி வைத்த குறிப்பு அது. அவளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, திரையில் வருவதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, அதன் கீழே தமிழிற் பொருளும் எழுதும்படி பணித்தோம்.

முதலில் வந்த செய்தியின் பொருள் இதுவாகும்: “பூட்டைப் பெற முடியவில்லை, இன்ன இலக்கமுடைய செயன்முறை அதனை வைத்திருக்கின்றது.” செயன்முறையின் பெயரும் அங்கே இருந்தது. கணினி இணையத்தோடு இணைந்தவுடன் தானாகவே புதுப்பித்தல்களைத் தேடும் சேவகன் அவன். ஒரே கணக்குப் புத்தகத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதப் புகுந்தால் இருவர் கணக்கும் கெடும். அதனாலேயே ஒருவர் எழுதும்போது மற்றவர் புகாதபடி பூட்டு இடப்படுகின்றது. அப்பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி சிலர் புத்தி சொல்வதுண்டு. எழுதுகிறவன் கையிலிருந்து புத்தகத்தைப் பறிப்பது போன்றது அது. பின்னர் பட்டியலே சிதையக்கூடும். நாம் பரிகாரம் ஒன்றும் செய்யவில்லை. சில நிமிடங்கள் பொறுத்திருந்தோம். பூட்டுத் தானே திறந்தது.

இரண்டாவது செய்தி: “404, காணப்படவில்லை. இக்களஞ்சியத்தில் வெளியீட்டுக் கோப்பு இப்பொழுது இல்லை.” அவள் கணினியில் இருந்தது உபுண்டு 23.10. இந்த எண் வெறும் எண்ணன்று. 2023 ஆம் ஆண்டு, 10 ஆம் மாதம் என்பது பொருள். உபுண்டுவில் இருவகைப் பதிப்புக்கள் உள. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரில் மாதத்தில் வருவன நீண்டகால ஆதரவுடையன. அவற்றுக்கு ஐந்து ஆண்டுகள் பொதுப் பராமரிப்பு உண்டு. இடையில் வருவனவற்றுக்கோ ஒன்பது மாதமே ஆயுள். 23.10 பதிப்பின் ஆயுள் 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன் பொதிகள் வழக்கமான களஞ்சியத்திலிருந்து, பழைய வெளியீடுகளுக்கென உள்ள வேறொரு களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. கணினியோ பழைய விலாசத்திலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தது. வீடு மாறிப் போனவரைத் தேடிப் பழைய வீட்டுக்குக் கடிதம் போட்டால் திரும்பித்தானே வரும்? விலாசங்கள் எழுதப்பட்டுள்ள கோப்பைத் திறந்து, அவள் கையாலேயே புதிய விலாசத்தை எழுதச் செய்தோம்.

மீண்டும் பட்டியலைப் புதுப்பிக்குமாறு கட்டளை கொடுத்தாள். 404 மறைந்தது, ஆனால் மூன்றாவது செய்தி ஒன்று வந்தது. இம்முறை எம்மைப் பார்க்காமலே கொப்பியில் எழுதத் தொடங்கினாள். “வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் இத்தனை நாள் சென்ற பின்னரே செல்லுபடியாகும்.” எழுதி முடித்தவள் நெற்றியைச் சுருக்கினாள். “எப்பவோ வந்த கோப்பு, எப்பிடிச் சேர் இனிமேல்தான் செல்லுபடியாகும்?” என்றாள். நாம் பதில் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவளே திரையின் மேற்புறத்திலிருந்த திகதியைச் சுட்டிக்காட்டினாள். கணினி இன்னும் 2023 ஆம் ஆண்டிலே நின்றுகொண்டிருந்தது!

காரணம் எளியது. கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் மணிக்கூட்டை ஓடவைக்கும் சிறு மின்கலம் ஒன்று அதனுள் உண்டு. அஃது உயிரிழந்துவிட்டது. இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகப் பெற்றுக்கொள்ளும் வசதியையும் யாரோ நிறுத்தி வைத்திருந்தனர். ஆகவே ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது, இயங்குதளம் ஆக்கப்பட்ட காலத்தையே அது தன் ‘இன்று’ என்று கொண்டது. களஞ்சியப் பட்டியல்களோ திகதியிட்டு, இலக்கமுறைக் கையொப்பமிட்டு வருவன. எவரும் போலிப் பட்டியலையோ காலங்கடந்த பட்டியலையோ இடையிற் புகுத்தாதிருக்கும்பொருட்டுக் கையொப்பத்தையும் திகதியையும் ஆப்ட் சரிபார்க்கின்றது. வருங்காலத் திகதியிட்ட கடிதத்தை ஏற்க மறுத்தது அதன் குற்றமன்று.

திகதியை மாற்றும் முன் அவள் சற்று நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கணினியின் கணக்கில் அவளுடைய தந்தையார் இன்னும் இருந்துகொண்டிருந்தார் அல்லவா? நாம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அவளே திகதியைச் சரிசெய்தாள்.

பட்டியல் ஒழுங்காக வந்தது. இனி ஐடிலை நிறுவலாம் என்று கட்டளை கொடுத்தபோது நாலாவது தடை: “நிறைவேறாத சார்புகள் உள.” செய்தியை வாசித்துச் சென்றால், தடையாயிருந்தது ஐடில் அன்று; வேறொரு பொதி. உறவினர் ஒருவர் எங்கோ இறக்கிய அச்சுப்பொறி மென்பொருளைச் சில மாதங்களுக்கு முன் நேரே டிபிகேஜி கொண்டு நிறுவ முயன்றிருக்கின்றார். அது வேறொரு பதிப்புக்கெனக் கட்டப்பட்ட பொதி. அதற்கு வேண்டிய நூலகப் பதிப்பு இக்கணினியில் இல்லை, களஞ்சியத்திலும் இல்லை. பாதி அவிழ்ந்த அப்பொதி வழியை மறித்துக் கிடந்தது. அதனை ஒழுங்கு செய்யாமல் வேறு வேலை தொடங்க ஆப்ட் உடன்படவில்லை. இதற்கு என்ன கட்டளை கொடுக்கலாம் என்பதையும் அச்செய்தியே கூறியிருந்தது: ‘உடைந்ததைச் சீர்செய்’ என்பது அதன் பொருள்.

அக்கட்டளையைக் கொடுத்தாள். ‘பின்வரும் பொதிகள் அகற்றப்படும்’ என்று ஒரு பட்டியல் வந்து, ‘சம்மதமா?’ என்ற வினாவும் வந்தது. சம்மதம் தெரிவிக்கும் விசைக்கு விரைந்த விரலை நிறுத்தி, “அகற்றப்படுவன எவை? முதலில் வாசியும்” என்றோம். அச்சுப்பொறிப் பொதி ஒன்றே இருந்தது. இனிச் சம்மதிக்கலாம் என்றோம்.

இவ்விடத்திலே உலகறிந்த நிகழ்ச்சியொன்றைக் கூறுதல் பொருந்தும். 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கனடாவைச் சேர்ந்த லினஸ் செபாஸ்தியன் என்னும் புகழ்பெற்ற கணினி நிகழ்ச்சியாளர், உபுண்டுவின் வழிவந்த ‘பொப் ஓஎஸ்’ என்னும் தொகுப்பிலே ‘ஸ்டீம்’ எனும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். அவ்வேளையிற் பொதிகளின் சார்பிலே ஒரு பிழை இருந்தது. நிறுவினால் இன்றியமையாத பொதிகள் அகற்றப்படும் என ஆப்ட் எச்சரித்து, உண்மையிலே வேண்டுமாயின் ‘ஆம், நான் சொன்னபடி செய்’ என்று முழு வாக்கியமாகத் தட்டெழுதும்படி கேட்டது. அவர் அப்படியே எழுதினார். கணினியின் முழு மேசைத்தளமும் அகன்று வெறும் கட்டளைத் திரையே எஞ்சியது. பல இலட்சம் பேர் அதனைக் காணொளியிற் கண்டனர். அதன் பின்னர், அத்தகைய அழிவுக்கு இலகுவில் இடம் தராதபடி ஆப்ட் கருவியே திருத்தப்பட்டது. பொதியைக் கட்டியவரும் பிழைவிடலாம்; கருவியை ஆக்கியவரும் பிழைவிடலாம்; ஆயினும் திரையில் வந்த எச்சரிக்கை அன்று உண்மையையே கூறிற்று.

தடை நீங்கியது. ஐடில் பொதியும் அதன் சார்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமர்ந்தன. வெண்மையான சாளரம் திறந்தது. அவள் முதலிலே தன் பெயரை அச்சிடும் ஒருவரி நிரலை எழுதி ஓட்டிப் பார்த்தாள். மறு வாரம், நீண்டகால ஆதரவுடைய 24.04 பதிப்புக்கு அக்கணினியை உயர்த்தினோம். அதற்கு 2029 ஆம் ஆண்டு வரை பொதுப் பராமரிப்பு உண்டு. தந்தையாரின் படங்களும் குரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேறு ஈரிடங்களிலும் இருக்கின்றன. மாணவி பாடத்தை விடவில்லை.

மாணவர்களுக்கு இதிலிருந்து சில வழிமுறைகளைத் தொகுத்துக் கூறலாம். எதையும் தொடுமுன் இழக்கக் கூடாதவற்றைப் பிரதி செய்க. செய்தியை முழுவதும் வாசிக்க. ஆப்ட் தரும் வரிகளிலே ஆங்கில ‘ஈ’ எழுத்தோடு தொடங்குவது பிழை; ‘டபிள்யூ’ எழுத்தோடு தொடங்குவது எச்சரிக்கை. பல பிழைகள் வந்தால் முதலாவதை முதலிலே கவனிக்க. பின்வருவன பெரும்பாலும் அதன் பிள்ளைகளே. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. திகதி சரியோ, வன்தட்டில் இடமுண்டோ என்று பார்க்க. நிரம்பி வழியும் வட்டிலே எப்பொதியும் அவிழாது. நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால், மீண்டும் தொடங்கியபின் ஆப்ட் தானே ‘எஞ்சியவற்றையெல்லாம் ஒழுங்கமை’ என்ற கட்டளையை நினைவூட்டும், அதனைச் செய்க. தொகுப்பின் சொந்தக் களஞ்சியத்திற் கிடைப்பதை வெளியே தேடாதிருக்க. பொருள் விளங்காத கட்டளையை, அஃது எத்துணைப் பெரியவர் சொன்னதாயினும், நிருவாகி உரிமையோடு ஓட்டாதிருக்க.

‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு’ என்னும் ஆலோசனை எக்காலும் தவறு என்று நாம் கூறவில்லை. வன்தட்டுப் பழுதாகும்போதும், கணினி அந்நியர் கைப்பட்டதென ஐயுறும்போதும் அதுவே தக்க வழி. ஆயின் காரணம் அறியாமல் அழிப்பதில் இரு நட்டங்கள் உள. அங்கே இருந்தவை போய்விடும் என்பது ஒன்று. பிழை ஏன் நேர்ந்தது என்று அறியும் வாய்ப்பும் அதனோடு போய்விடும் என்பது மற்றொன்று. ஒன்பது மாத ஆயுளுடைய பதிப்பையே மீண்டும் போட்டிருந்தால், அதே 404 மறுநாளே வந்து நின்றிருக்கும். செத்த மின்கலம் செத்தபடியே இருந்திருக்கும். இரண்டாம் முறை அப்பிள்ளை கணினியைக் குறை கூறியிராள்; தன்னைத்தான் குறை கூறியிருப்பாள்.

எம் கல்வியில் விடை சொல்லப் பழக்கும் அளவுக்கு வினாவை வாசிக்கப் பழக்குவதில்லை. பரீட்சை மண்டபத்திலே வினாத்தாளைப் பாதி வாசித்துவிட்டு எழுதத் தொடங்கும் பிள்ளைதான், வீட்டிலே பிழைச் செய்தியைப் பாதி வாசித்துவிட்டு மூடிவிடுகின்றது. பெற்றோர்கள் கணினி அறிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை திரையைப் பார்த்துச் சலிக்கும்போது, அருகே அமர்ந்து, “அதிலே என்ன எழுதியிருக்கின்றது? எனக்குத் தமிழிலே சொல்” என்று கேட்டாற் போதும். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முயலும் பிள்ளைக்கு, சொல்லி முடிக்குமுன்னரே பாதி விளங்கிவிடும். எஞ்சிய பாதிக்கு ஆசிரியர்கள் நாம் இருக்கின்றோம்.